ஜெனெட் ரேங்கின் அம்மையாரும் ஒரு பாட்டியின் கேள்வியும்



பேச்சுப் போட்டி என்றதும் நம் தமிழ்ப்பள்ளிகளில் மேடையேறும் பெண்மணிகள் நால்வரோ ஐவரோதாம். ஜான்சி இராணி, அன்னை தெரேசா, இந்திரா காந்தி, கல்பனா சாவ்லா என்று அதே வரிசை ஆண்டுதோறும் வரும். நீதிபதிகளும் பாவம், எத்தனை முறைதான் கேட்பார்கள்! எனவே, ‘உலகம் போற்றும் பெண்மணி’ என்னும் தலைப்பு வந்தபோது, என் வகுப்பு மாணவி ஒருத்திக்கு வேறொரு பெயரைத் தேடிக் கொடுத்தேன். அமெரிக்க நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணியாகிய ஜெனெட் ரேங்கின். இரண்டு உலகப் போர்களின்போதும் போர் வேண்டாம் என்று வாக்களித்தவர். பேச்சுக்கு இதைவிட நல்ல பொருள் ஏது என்று நானே மகிழ்ந்துகொண்டேன்.

மூன்று நாள் கழித்து அம்மாணவியின் தாயார் தொலைபேசியில் அழைத்தார். வீட்டில் பிள்ளை உரக்கப் படித்துப் பயிற்சி செய்தபொழுது, எண்பது வயதைக் கடந்த கொள்ளுப்பாட்டியார் நடுவிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டாராம். “ஜப்பான்காரன்மேல சண்டைக்குப் போக வேணாம்னு சொன்னவளையா நீ மேடையில புகழப் போற? எங்கப்பாவ சயாமுக்குக் கொண்டுபோனானே, அவன யாரு அடக்குனது?” என்று கேட்டாராம். அப்பாட்டி கைக்குழந்தையாக இருந்தபோது தோட்டத்திலிருந்து சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டவர் அவருடைய தந்தையார். திரும்பவேயில்லை. “தலைப்பை மாற்றிக்கொள்ளலாமா சார்?” என்று தாயார் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஒரு வாரம் பொறுங்கள் அம்மா என்று சொல்லி வைத்தேன்.

உண்மையைச் சொன்னால், அதுவரை நான் அந்தக் கோணத்தில் எண்ணிப் பார்க்கவே இல்லை. போரை எதிர்த்தவர் என்றால் நல்லவர், பேச்சுக்கு ஏற்றவர் என்று எளிதாக முடிவு செய்திருந்தேன். அந்த ஒரு வாரத்தில் அம்மையாரின் வாழ்க்கையை மீண்டும் தொடக்கத்திலிருந்து படித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜெனெட் ரேங்கின் 1880-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், மிசூலா நகருக்கு அருகில் ஒரு பண்ணையில் பிறந்தார். மொன்டானா அப்போது ஒரு மாநிலமாகக்கூட ஆகவில்லை. 1889-இல்தான் மாநிலமாயிற்று. தந்தை ஜான் ரேங்கின் கனடாவிலிருந்து வந்து குடியேறி, மரத் தொழிலிலும் கட்டட வேலையிலும் உயர்ந்தவர். தாய் ஆலிவ் பிக்கரிங், மொன்டானாவுக்குப் பள்ளி ஆசிரியையாக வந்தவர். பிள்ளைகளில் மூத்தவர் ஜெனெட். மூத்த பெண் பிள்ளை என்றால் என்னவென்று நம் வீடுகளில் விளக்கத் தேவையில்லை. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதும் பண்ணை வேலைக்குக் கை கொடுப்பதும் அவர் பொறுப்பு. காயம்பட்ட குதிரை ஒன்றின் தோளைச் சிறுமியாக இருந்தபோதே ஊசி நூல் கொண்டு தைத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். நம் மாணவிக்கு அந்தப் பகுதிதான் மிகவும் பிடித்திருந்தது.

1902-இல் மொன்டானா பல்கலைக்கழகத்தில் உயிரியலில் பட்டம் பெற்றார். பிறகு சில காலம் ஆசிரியையாகப் பணியாற்றினார். தையல் வேலையும் கற்றார். இரண்டிலும் மனம் நிலைகொள்ளவில்லை. 1904-இல் பாஸ்டன் நகருக்குச் சென்றபோது, அங்குத் தொழிலாளர் குடியிருப்புகளில் மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த நிலை அவரை உலுக்கியது. பின்னர்ச் சான் பிரான்சிஸ்கோவில் ஏழையர் நல இல்லம் ஒன்றில் தொண்டாற்றி, 1908-இல் நியூயார்க் சென்று சமூகப் பணிக்கான பயிற்சி பெற்றார். பயிற்சி முடித்து, ஆதரவற்ற குழந்தைகளைக் காக்கும் இல்லத்தில் வேலை பார்த்தார். குழந்தைகளின் துன்பத்தை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருப்பதைவிட, அத்துன்பத்திற்குக் காரணமான சட்டங்களை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்கு உறுதிப்பட்டது. சட்டத்தை மாற்ற வாக்கு வேண்டும். பெண்ணுக்கோ வாக்கு இல்லை.

வாஷிங்டன் மாநிலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கோரி நடந்த இயக்கத்தில் சேர்ந்தார். 1910-இல் அம்மாநிலப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தம் சொந்த மாநிலத்துச் சட்டமன்றத்தின் முன் நின்று உரையாற்றினார். அம்மன்றத்தில் உரையாற்றிய முதல் பெண் அவரே. உடனே எதுவும் நடந்துவிடவில்லை. அதன் பின் மொன்டானாவின் சுரங்க ஊர்களிலும் பண்ணைகளிலும் ஆயிரக்கணக்கான மைல் அலைந்து ஆதரவு திரட்டினார். 1914-இல் மொன்டானா ஆண்கள் வாக்களித்துப் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கினர். அந்த வெற்றிக்குப் பின் அவர் நியூசிலாந்து சென்று, தையற்காரியாக வேலை செய்துகொண்டே அந்நாட்டுத் தொழிலாளர் சட்டங்களை அறிந்து வந்தார். அங்கே பெண்கள் 1893-ஆம் ஆண்டிலேயே வாக்குரிமை பெற்றிருந்தனர்.

1916-இல் குடியரசுக் கட்சி வேட்பாளராக நாடாளுமன்றக் கீழவைக்குப் போட்டியிட்டார். வழக்கறிஞரான தம்பி வெலிங்டன் பணமும் தந்து, தேர்தல் வேலைகளையும் முன்னின்று நடத்தினார். மொன்டானாவுக்கு அப்போது இரண்டு இடங்கள். தொகுதிப் பிரிவினை இல்லை. மாநிலம் முழுவதும் ஒரே களம். இது அவருக்கு வாய்ப்பாக அமைந்தது, ஏனெனில் வாக்குரிமைப் போராட்டத்தின்போது அவர் கால் வைக்காத ஊர் அரிது. தேர்தல் நாளன்று தொண்டர்கள் தொலைபேசியில் வீடுதோறும் அழைத்து, “வணக்கம், ஜெனெட் ரேங்கினுக்கு வாக்களித்துவிட்டீர்களா?” என்று கேட்டனராம். முதலில் அவர் தோற்றுவிட்டதாகவே செய்தி வந்தது. தொலைவிடங்களின் வாக்குகள் எண்ணப்பட்ட பின்னரே வெற்றி தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 36. தாம் முதல் பெண் உறுப்பினராக இருக்கலாம், ஆனால் கடைசிப் பெண்ணாக இருக்கப் போவதில்லை என்றார். நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் பெண்களுக்கு வாக்கே இல்லாத காலத்தில் ஒரு பெண் சட்டம் இயற்றச் சென்றார் என்பதை மாணவர்களுக்கு நிறுத்திச் சொல்ல வேண்டும். கேட்டதும் கணக்கு தவறோ என்று ஐயுறுவார்கள்.

1917 ஏப்ரல் 2-ஆம் நாள் பதவியேற்றார். வாக்குரிமை இயக்கத் தலைவியர் காலை விருந்து அளித்து வாழ்த்தினர். பூங்கொத்துடன் அவைக்குள் நுழைந்தவரை உறுப்பினர்கள் எழுந்து கைதட்டி வரவேற்றனர். அன்று மாலையே அதிபர் உட்ரோ வில்சன் அவைக்கு வந்து, ஜெர்மனியின்மீது போர் அறிவிக்கும்படி கேட்டுக்கொண்டார். நாட்டைப் போரிலிருந்து காத்தவர் என்று சொல்லி, முந்தைய நவம்பரில் வெற்றி பெற்ற அதே வில்சன்தான்.

நான்கு நாட்களில் முடிவெடுக்க வேண்டும். தம்பி வெலிங்டன், ஆடவர் போடுவதைப் போன்ற வாக்கைப் போடு என்று அக்காளை வற்புறுத்தினார். எதிர்த்து வாக்களித்தால் மறுமுறை வெல்ல முடியாது என்றார். வாக்குரிமை இயக்கத்தினரும் பிளவுபட்டு நின்றனர். ஒரு பெண் போருக்கு அஞ்சினாள் என்ற பெயர் வந்தால் நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்கு கிடைப்பது தள்ளிப்போகும் என்று பலர் கவலைப்பட்டனர். இக்கவலையை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அவர் தோளில் இருந்தது தம் ஒருவரின் வாக்கு மட்டுமன்று.

ஏப்ரல் 6, புனித வெள்ளி, விடியற்காலை. பெயர் சொல்லி அழைத்தபோது முதல் சுற்றில் அவர் மறுமொழி கூறவில்லை. இரண்டாம் சுற்றில் எழுந்தார். தம் நாட்டோடு நிற்க விரும்புவதாகவும், ஆனால் போருக்கு வாக்களிக்க இயலாது என்றும் கூறினார். வாக்களிக்கும்போது விளக்கம் சொல்லும் வழக்கம் அவ்வவையில் இல்லை. 373 பேர் ஆதரவு, 50 பேர் எதிர்ப்பு.

எதிர்த்த ஐம்பதின்மரில் நாற்பத்தொன்பதின்மர் ஆடவர். ஆயினும் செய்தித்தாள்கள் எழுதியது அந்த ஒருவரைப் பற்றித்தான். அழுதார் என்றனர், மயங்கினார் என்றனர். மொன்டானாவின் நாளேடு ஒன்று அவரை அழுமூஞ்சிப் பள்ளிச் சிறுமி என்றும் ஜெர்மானியப் பேரரசரின் கைப்பாவை என்றும் ஏசியது. அவர் அழுதாரா என்று உறுப்பினர் லா கார்டியாவிடம் கேட்டபோது, என் கண்ணிலும் நீர் நிறைந்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை என்றாராம். லா கார்டியா போரை ஆதரித்து வாக்களித்தவர். பின்னாளில் நியூயார்க் நகரத் தலைவராகப் புகழ் பெற்றார். அவருடைய கண்ணீரைப் பற்றி ஏடுகள் தலைப்பு போடவில்லை.

பேச்சு நூல்களில் வராத ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரியா-அங்கேரிமீதும் போர் அறிவிக்கத் தீர்மானம் வந்தது. அப்போது ரேங்கின் ஆதரித்து வாக்களித்தார். போர் அறிவற்ற வழி என்பதே தம் எண்ணம் என்றும், நாடு முன்னரே போரில் இருப்பதால் இது வெறும் நடைமுறைத் தீர்மானம் என்றும் காரணம் கூறினார். போர்க் கடன் பத்திரங்கள் விற்கவும் துணை நின்றார். எனவே, என்றும் மாறாத சிலையைப் போல அவரைக் காட்டுவது சரியாகாது. முதல் பதவிக் காலத்தில் அவர் தடுமாறியிருக்கிறார். அரசியலில் நிலைத்திருக்க வேண்டும் என்றும் எண்ணியிருக்கிறார். எனக்கு இதனால் அவர்மீதுள்ள மதிப்பு குறையவில்லை. பிள்ளைகளிடம் மறைப்பதற்கும் காரணம் காணவில்லை.

அந்த இரண்டு ஆண்டுகளில் போரைத் தவிர வேறு வேலைகள் எவ்வளவோ செய்தார். அரசாங்கப் பணத்தாளும் அஞ்சல் தலையும் அச்சிடும் கூடத்தில் பெண் தொழிலாளர்கள் எட்டு மணி நேரத்திற்கும் மேல் வேலை வாங்கப்படுவதாக முறையீடு வந்தபோது, நேரில் ஆராய்ந்து எட்டு மணி நேர வேலையை மீட்டுத் தந்தார். 1917 ஜூன் 8-இல் மொன்டானாவின் பியூட் நகரில் ஸ்பெகுலேட்டர் சுரங்கம் தீப்பற்றி 168 பேர் மாண்டனர். பழுதான மின்கம்பியைப் பார்வையிடச் சென்றபோது விளக்கின் சுடர்பட்டுப் பிடித்த தீ அது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ரேங்கின் பியூட் நகருக்கே சென்று அவர்கள் பக்கம் நின்று பேசினார். சுரங்கங்களை அரசு ஏற்று நடத்த வழி செய்யும் தீர்மானத்தையும் கொண்டுவந்தார். மாநிலத்தின் பத்திரிகைகளையும் அரசியலையும் தன் கைக்குள் வைத்திருந்த அனகொண்டா செம்பு நிறுவனத்தைப் பகைத்துக்கொண்டார் என்பது இதன் பொருள். அவர் தோற்றதற்குப் போர் வாக்கையே எல்லாரும் காரணம் காட்டுவர். சுரங்க முதலாளிகளின் சினத்திற்கும் அதில் பெரும்பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

1918 ஜனவரி 10-ஆம் நாள் பெண்களின் வாக்குரிமைக்கான அரசியலமைப்புத் திருத்தம் கீழவையில் விவாதத்திற்கு வந்தபோது, விவாதத்தைத் தொடங்கி வைத்தவர் அவரே. 274 பேர் ஆதரவு, 136 பேர் எதிர்ப்பு. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 410 வாக்குகளில் ஓர் ஆதரவு வாக்கு எதிர்ப்பாக மாறியிருந்தாலும் தீர்மானம் வீழ்ந்திருக்கும். (ஐந்தாம் ஆண்டு ஆசிரியர்கள் இதைப் பின்னக் கணக்காகவே கொடுக்கலாம்.) மேலவையில் அது அம்முறை தோற்றது. 1919-இல் இரு அவைகளிலும் நிறைவேறி 1920-இல் சட்டமான வேளையில் ரேங்கின் அவையில் இல்லை. மொன்டானா இரு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அவருக்கு வெல்ல முடியாத தொகுதி வாய்த்தது. அதனால் மேலவைக்குப் போட்டியிட்டார். கட்சிக்குள் நடந்த முதல் தேர்தலிலேயே சிறு வேறுபாட்டில் தோற்றார். பிறகு வேறொரு கட்சியின் சார்பில் நின்று, அதிலும் தோற்றார்.

இதன் பின் இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் பதவியில் இல்லை. அன்னையர், சிசுக்கள் நலத்திற்காக அவர் முதலில் முன்வைத்த திட்டம், 1921-இல் ஷெப்பர்ட்-டவுனர் சட்டமாக வேறு இருவர் பெயரில் நிறைவேறியது. 1924-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சிறு நிலம் வாங்கி, மின்சாரமும் குழாய் நீரும் இல்லாத எளிய வீட்டில் வாழ்ந்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சிறுவர் சங்கம் நடத்தினார். 1928-இல் ஜார்ஜியா அமைதிக் கழகத்தைத் தொடங்கினார். ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் சென்று போருக்கு எதிராகப் பேசுவதும், வாஷிங்டனில் உறுப்பினர்களைச் சந்தித்து வாதாடுவதுமே வேலையாக இருந்தது. பொதுவுடைமைக்காரி என்று அவதூறு செய்த நாளேட்டின்மீது வழக்குத் தொடுத்து, மறுப்பு வெளியிட வைத்தார்.

ஐரோப்பாவில் மீண்டும் போர் மூண்டது. 1939-ஆம் ஆண்டின் இறுதியில் மொன்டானாவுக்குத் திரும்பினார். தேர்தல் வேலையை எங்கே தொடங்கினார் தெரியுமா? பள்ளிகளில்! தொகுதியில் இருந்த 56 உயர்நிலைப்பள்ளிகளில் 52 பள்ளிகளுக்குச் சென்று மாணவர்களிடம் பேசினார். மாணவர்களுக்கு வாக்கு இல்லை. ஆனால், போர் வந்தால் போகப் போகிறவர்கள் அவர்களே; வீட்டில் தாய் தந்தையரிடம் பேசப் போகிறவர்களும் அவர்களே. நாட்டின் பாதுகாப்பை வலுப்படுத்துவேன், பிள்ளைகளை அயல்நாட்டுப் போருக்கு அனுப்ப மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். 1940 நவம்பரில் வென்றார். வயது 60.

1941 டிசம்பர் 7-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. அச்செய்தி வந்தபோது ரேங்கின் கூட்டமொன்றில் பேசுவதற்காகப் புறப்பட்டு இரயிலில் போய்க்கொண்டிருந்தார். பிட்ஸ்பர்க்கில் இறங்கித் தலைநகருக்குத் திரும்பினார். மறுநாள் நண்பகல் அதிபர் ரூஸ்வெல்ட் உரையாற்றினார். மேலவையில் 82 பேரும் ஆதரித்தனர், ஒருவரும் எதிர்க்கவில்லை. கீழவையில் ரேங்கின் பலமுறை எழுந்து பேச இசைவு கேட்டார். அவைத் தலைவர் சாம் ரேபர்ன் இசைவு தரவில்லை. எதிர்க்காமல் விட்டுவிடுங்கள், வாக்களிக்காமலாவது இருங்கள் என்று உடனிருந்தோர் சென்று வேண்டினர். பெண் உறுப்பினர்கள் வேறு சிலரும் அவையில் இருந்தனர். ஒருவரும் அவரோடு சேரவில்லை. பெண் என்பதால் தாம் போருக்குச் செல்ல முடியாது, ஆகவே பிறர் எவரையும் அனுப்ப மறுக்கிறேன் என்றார். 388 பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு.

அவையில் இரைச்சலும் ஏளன ஒலியும் எழுந்தன. வெளியே வந்தவரைக் கூட்டம் சூழ்ந்தது. அவர் தொலைபேசிக் கூண்டு ஒன்றுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு காவலர்களை அழைத்தார். அவர்கள் வந்து அழைத்துச் சென்று அலுவலகத்தில் சேர்த்தனர். அக்கூண்டுக்குள் அவர் நிற்கும் புகைப்படம் இன்றும் காணக் கிடைக்கிறது. மொன்டானா நூற்றுக்கு நூறு உனக்கு எதிராக நிற்கிறது என்று தம்பி வெலிங்டன் தந்தியடித்தார். கேன்சஸ் மாநிலத்துப் பத்திரிகையாசிரியர் வில்லியம் ஆலன் வைட் மட்டும், அவர் எடுத்த முடிவு சரியன்று, ஆனால் அது துணிவான செயல் என்று எழுதினார். மூன்று நாள் கழித்து ஜெர்மனி, இத்தாலி மீதான தீர்மானங்கள் வந்தபோது, ஆதரவும் இல்லை எதிர்ப்பும் இல்லை, அவையில் இருக்கிறேன் என்று மட்டும் பதிவு செய்தார்.

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். வாஷிங்டனில் அவ்வாக்கெடுப்பு டிசம்பர் 8-ஆம் நாள் பிற்பகலில் நடந்தது. மலாயாவில் அப்போது 9-ஆம் நாள் நள்ளிரவு கடந்துவிட்டது. அதற்கு முந்தைய நள்ளிரவில், பேர்ல் துறைமுகத்தின்மீது முதல் குண்டு விழும் முன்பே, ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையேறிவிட்டது. விடிவதற்குள் சிங்கப்பூரின்மீது குண்டு விழுந்தது. ஆக, போர் வேண்டுமா வேண்டாமா என்ற வினா நம் மண்ணில் அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. பிறகு நடந்ததை நம் தாத்தா பாட்டிமார் நன்கறிவர். 1942-இலும் 1943-இலும் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துச் சயாமுக்கு அனுப்பினார்கள். பல்லாயிரம் தமிழர்கள் காய்ச்சலிலும் பசியிலும் அக்காட்டிலேயே மடிந்தனர்.

ரேங்கின் அவ்வாறு வாக்களித்ததற்குப் பின்னாளில் கூறிய காரணங்களையும் படித்தேன். ஜப்பானுக்குப் பொருளாதாரத் தடை விதித்து அதனைப் போருக்குத் தூண்டிவிட்டனர் என்றொரு வாதம். 1942 டிசம்பரில் அதை அவைக் குறிப்பிலும் பதிவு செய்தார். அத்தடை ஏன் வந்தது? சீனாவில் ஆண்டுக்கணக்காக நடந்த கொடுமையாலும், இந்தோசீனாவுக்குள் ஜப்பானியப் படை புகுந்ததாலும் வந்தது. எனவே அவ்வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. மக்களாட்சியில் ஒரு முடிவு ஒருமனதாக இருக்கக்கூடாது, ஒருவராவது மாற்றுக்குரல் எழுப்ப வேண்டும் என்பது மற்றொரு வாதம். அது ஓரளவு பொருந்துகிறது. எனினும், அந்த அவையில் 389 பேரும் அவரைப் போலவே வாக்களித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பாட்டியின் கேள்விக்கு அதில் விடையில்லை. அன்று நான் அங்கு இருந்திருந்தால் 388 பேரோடுதான் நின்றிருப்பேன். இதை எழுதவே ஒரு வாரம் ஆயிற்று.

அப்படியானால் அவரை ஏன் பேச்சில் சேர்க்க வேண்டும்? அவர் வாக்காளர்களிடம் முன்கூட்டியே சொன்னதைத்தான் செய்தார். அவர் தேர்தலில் நின்ற காரணமே அது. சூழ்நிலை மாறியபோது மனத்தை மாற்றிக்கொண்டிருக்கலாம். பலர் அதனை அறிவுடைமை என்றே பாராட்டியிருப்பர். 1917 டிசம்பரில் ஒருமுறை அப்படிச் செய்தவர், 1941-இல் அதைச் செய்ய மறுத்தார். அதனால் என்ன நேரும் என்பதையும் அறிந்தே இருந்தார். 1942 தேர்தலில் போட்டியிடவில்லை. அவருடைய இடத்திற்கு மைக் மான்ஸ்ஃபீல்ட் என்னும் பேராசிரியர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அதன்பின் அவர் பெரும்பாலும் மறக்கப்பட்டார். 1946-க்கும் 1971-க்கும் இடையில் ஏழு முறை இந்தியாவுக்குச் சென்று காந்தியடிகளின் அறப்போர் முறையைக் கற்க முயன்றார். கேட்பவர் இல்லாத காலத்திலும் பேசிக்கொண்டேயிருந்தார். வியட்நாம் போர் வலுத்தபோது இளைஞர்கள் அவரைத் தேடி வந்தனர். 1968 ஜனவரி 15-ஆம் நாள், ‘ஜெனெட் ரேங்கின் படை’ என்ற பெயரில் ஏறத்தாழ ஐயாயிரம் பெண்கள் தலைநகரில் ஊர்வலம் சென்றனர். கறுப்பு உடையில் முன்வரிசையில் நடந்த அவருக்கு வயது 87. நாடாளுமன்ற வளாகத்திற்குள் ஊர்வலத்திற்கு அனுமதியில்லை; சிலர் மட்டும் உள்ளே சென்று மனு அளித்தனர். மனுவைப் பெற்றவர்களுள் ஒருவர் மேலவைப் பெரும்பான்மைத் தலைவர். அவர் வேறு யாருமல்லர், 1942-இல் அவருடைய இடத்திற்கு வந்த அதே மைக் மான்ஸ்ஃபீல்ட்தான். அந்த ஆண்டு மீண்டும் தேர்தலில் நிற்கவும் எண்ணினாராம். உடல்நலம் இடந்தரவில்லை.

1973 மே 18-ஆம் நாள், கலிபோர்னியாவில், 92-ஆம் வயதில் மறைந்தார். தம் ஜார்ஜியா சொத்தை வேலையற்ற முதிய பெண் தொழிலாளர்களின் உதவிக்கென எழுதி வைத்திருந்தார். அதை விற்று வந்த 16,000 டாலரைக் கொண்டு 1976-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. 35 வயதைக் கடந்த, வருமானம் குறைந்த பெண்கள் மீண்டும் படிக்க அது உதவித்தொகை வழங்கி வந்தது. 1985-இல் நாடாளுமன்றக் கட்டடத்தில் அவருக்குச் சிலை வைத்தனர். போருக்கு வாக்களிக்க என்னால் இயலாது என்ற அவர் சொல்லைப் பீடத்தில் பொறித்துள்ளனர்.

ஞாயிறன்று அம்மாணவியின் வீட்டிற்குச் சென்றேன். பாட்டியிடம் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தேன். நானும் அந்த 388 பேரோடுதான் நின்றிருப்பேன் பாட்டி என்றும் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்தம்மா புள்ளைங்கள அனுப்ப மாட்டேன்னு சொன்னுச்சு. எங்கப்பாவ அனுப்புனப்ப வேணாம்னு சொல்ல யாருமில்ல” என்றார். பேத்தியை அழைத்து, “பேசு. ஆனா தாத்தாவையும் சொல்லு” என்றார்.

பேச்சைத் திருத்தி எழுதினோம். 1917-க்கு ஒரு பத்தி, 1941-க்கு ஒரு பத்தி. அதன் நடுவே கோத்தா பாருவும் சயாமும். முன்பு நான் எழுதிக் கொடுத்த முடிவுரையில் ‘உலகமே போற்றுகிறது’ என்றொரு வரி இருந்தது. அதை மாணவியே அடித்துவிட்டாள். ஐந்து நிமிடத்திற்குள் அடங்க வேண்டும்; இப்போது ஆறு நிமிடம் போகிறது. எதைக் குறைப்பது என்று தெரியாமல் இருவரும் விழித்துக்கொண்டிருக்கிறோம். குதிரைக்குத் தையல் போட்டதை மட்டும் எடுக்கவே கூடாதாம்.